சின்ன மாமிக்கு ஒரு கதிரை

மார்ச் மாதத்து வெயில் கோட்டைப் பக்கத்துப் புல்வெளியைக் காய்ச்சிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மைதானத்தில் வடக்கின் பெருஞ்சமர் நடக்கும். மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய துடுப்பாட்டப் போட்டி அது. ஒரு விக்கெட் விழுந்தால் போதும், பப்பரே வாத்தியம் கிளம்பிவிடும். ட்றம்பெற் மெட்டைப் பிடிக்க, மேளம் உருள, கல்லூரிக் கொடியைத் தோளில் போட்ட பொடியள் வரிசை கலைந்து ஆடத் தொடங்குவார்கள். கொழும்பிலிருந்தும் லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வந்திறங்கிய பழைய மாணவர்களின் நரைத்த தலைகளும் அந்த ஆட்டத்தில் சேரும். இரண்டு தலைமுறைக்கும் சொல்லிக் கொடுக்காமலே வாயில் வரும் பாட்டுகள் சில உண்டு. ‘சின்ன மாமியே’ அதில் ஒன்று. ‘சுராங்கனி’ இன்னொன்று.

ஆடுகிற பொடியளின் தகப்பன்மாரே பள்ளிக்கூடம் போகாத காலத்துப் பாட்டுகள் அவை. வானொலி மாறியது, இசைத்தட்டுப் போய்க் கசெற் வந்தது, கசெற் போய்க் கைத்தொலைபேசி வந்தது. இடையில் ஒரு முழுப் போரும் நடந்து முடிந்தது. பாட்டு மட்டும் இடம்விட்டு நகரவில்லை.

அதே ஊரில் இசையைப் பற்றிப் பேசும் கூட்டமொன்றுக்குப் போனால் வேறு பெயர்கள் கேட்கும். தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் கை, அளவெட்டி பத்மநாதனின் நாதஸ்வரம், கூத்தை வளர்த்த அண்ணாவிமார், வாய்ப்பாட்டு வித்துவான்கள். பேச வேண்டிய பெயர்கள்தான், ஒன்றைக்கூடக் குறைக்க முடியாது. ஆனால் ஊர் முழுக்கப் பாடும் பாட்டைத் தந்தவர்களின் முறை அந்தப் பேச்சில் வருவது அரிது. வந்தாலும் ‘ஜனரஞ்சகம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும். நித்தி கனகரத்தினம் பாடியதில் என்ன இருக்கிறது, ஏ. ஈ. மனோகரன் அதை எங்கே கொண்டுபோனார், பரமேஸ் – கோணேஸ் சகோதரர்கள் எதைத் தொடக்கி வைத்தார்கள் என்று ஒரு மணி நேரம் வாதாடும் சபையை இந்தக் குடாநாடு இன்னும் கூட்ட வேண்டியிருக்கிறது.

சனங்களின் விருப்பம் ஒரு பக்கமும் விமர்சகரின் மதிப்பு மறுபக்கமும் இழுப்பது யாழ்ப்பாணத்தின் தனிவழக்கு இல்லை. அமெரிக்க றொக் இசையின் வரலாற்றைப் புரட்டினால் இந்த இழுபறி பக்கத்துக்குப் பக்கம் வரும். மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் நகரத்திலிருந்து வந்த கிராண்ட் ஃபங்க் றெயில்றோட் என்ற குழு 1971இல் நியூயோர்க்கின் ஷே மைதானத்தில் பாடியபோது, நுழைவுச் சீட்டுகள் 72 மணி நேரத்தில் விற்றுத் தீர்ந்தன. 1965இல் அதே மைதானத்தில் பீற்றில்ஸ் குழுவுக்குச் சீட்டு விற்ற வேகத்தை அது முந்தியது. அந்த நாட்களிலேயே பத்திரிகை விமர்சகர்கள் அந்தக் குழுவை வெறும் இரைச்சல் என்று வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஈகிள்ஸ் குழுவின் கதை இன்னும் தெளிவானது. 1976இல் வெளிவந்த அவர்களின் தொகுப்பு இசைத்தட்டு ஒன்றுக்கு அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலகச் சங்கம் 2018இல் 38 மடங்கு பிளாற்றினம் சான்று கொடுத்தது. அந்நாட்டில் அதற்கு மேல் விற்ற இசைத்தட்டு இல்லை. ஆனால் நியூயோர்க்கின் கூர்மையான விமர்சகர் றொபேர்ட் கிறிஸ்கோ, அவர்கள் வந்த புதிதிலேயே, வாசிப்பின் திறமையை ஒப்புக்கொண்டு, அந்தத் திறமைக்குப் பின்னால் உண்மை இல்லை என்று எழுதினார். அந்த எழுத்து இன்றும் வாசிக்கப்படுகிறது. ஈகிள்ஸ் இரசிகரும் அதை வாசித்துக் கோபப்படுகிறார்கள்.

ஜேர்னி என்ற சான் பிரான்சிஸ்கோ குழுவையும் விமர்சகர்கள் வணிகச் சரக்கு என்றே ஒதுக்கினார்கள். அவர்களின் ‘டோன்ற் ஸ்ரொப் பிலீவின்’ 1981இல் வந்தபோது விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக்கூட ஏறவில்லை. 2005இல் சிக்காகோவின் வைற் சொக்ஸ் பேஸ்போல் அணி அதைத் தன் பாட்டாக எடுத்துக்கொண்டது. 2007இல் ஒரு புகழ்பெற்ற தொலைக்காட்சித் தொடரின் கடைசிக் காட்சியில் அது ஒலித்தது. அதே ஆண்டின் முடிவில், மணிலாவில் மற்றவர்களின் பாட்டுகளைப் பாடிப் பிழைத்துவந்த ஆர்னல் பினேடாவை இணையக் காணொளியில் கண்டு அந்தக் குழு தன் முதன்மைப் பாடகராக்கியது. 2017இல் றொக் இசைப் புகழ்மண்டபத்தில் ஜேர்னிக்கு இடம் கிடைத்தது. 2022இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்தப் பாட்டைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. விளையாட்டு மைதானத்துப் பாட்டு ஒன்று நாற்பது வருடத்தில் நாட்டின் நூலகத்துக்குள் போய்விட்டது.

இந்தக் குழுக்களுக்குக் கிடைத்த விமர்சனம் பெரும்பாலும் கசப்பானது. என்றாலும் ஒருவர் உட்கார்ந்து கேட்டார், காரணம் காட்டி எழுதினார், இன்னொருவர் மறுத்தார், பத்து வருடம் கழித்து மூன்றாமவர் இருவரையும் திருத்தினார். பாட்டு விவாதத்துக்குள் இருந்தது. ஈழத்துப் பொப் பாட்டுக்கு அந்தக் கசப்பாவது போதிய அளவு கிடைத்திருக்கலாம். அதற்குக் கிடைத்தது பெரும்பாலும் மௌனமும் ஒரு புன்சிரிப்பும். கடுமையான விமர்சனம் பாட்டை ஒன்றும் செய்துவிடாது. பதிவு தொலைவதும், பாடியவர் போவதும், பாட்டு பிறந்த சூழல் மறப்பதும் மௌனத்தால் நடப்பவை.

அந்தச் சூழல் சாதாரணமானதும் இல்லை. 1950களிலும் 60களிலும் இலங்கை வானொலியைத் திருப்பினால் ஆங்கில வர்த்தக சேவையில் அமெரிக்கப் பாட்டு, சிங்கள சேவையில் புதுக் குழுக்கள், தமிழ் வர்த்தக சேவையில் மயில்வாகனன் அறிவித்த திரைப்பாட்டு என்று மூன்று உலகமும் ஒரே பெட்டிக்குள் இருந்தன. நியூயோர்க்கில் பிறந்த ஹரி பெலஃபொன்றேயின் கலிப்சோ இசைத்தட்டு 1956இல் உலகைச் சுற்றியபோது, அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்ட சிங்களக் குழுக்கள் கொழும்பில் முளைத்தன. 1966இல் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவோடு வந்தார்கள். சிங்களப் பாட்டுக்குள் மின்கிற்றார் புகுந்தது. அதற்கும் முன்னரே வொலி பஸ்தியன் என்ற பொலிஸ்காரர் பைலாவைக் கோரஸ் பாட்டாக்கி மேடையேற்றியிருந்தார். பைலாவின் வேர் போர்த்துக்கேயர் காலத்தது. மட்டக்களப்புப் பறங்கியரின் கப்றிஞ்ஞா ஆட்டத்திலும், புத்தளத்துக் காப்பிரிகளின் பாட்டிலும் அதன் பழைய முகம் தெரியும்.

இந்தக் கலவைக்குள்ளிருந்துதான் தமிழ்ப் பொப் எழுந்தது. திருகோணமலையிலிருந்து பரமேஸ், கோணேஸ் என்ற சகோதரர்கள் கிற்றாரோடு வந்து ‘உனக்குத் தெரியுமா’ என்று மென்மையான காதல் பாட்டை இசைத்தட்டில் ஏற்றினார்கள். உரும்பிராய் மண்ணைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’, ‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ போன்ற பாட்டுகளை ஊர்ப்பேச்சில் கட்டிப் பாடினார். துள்ளிசை என்ற அழகான தமிழ்ப்பெயர் அந்த வகைக்கு வந்தது. அமுதன் அண்ணாமலை, ஸ்ரனி சிவானந்தன், எஸ். ராமச்சந்திரன் என்று பாடகர் வரிசை நீண்டது. ஏ. ஈ. மனோகரன் மேடையில் உடம்பு முழுவதாலும் பாடிப் பொப் இசைச் சக்கரவர்த்தி என்று பெயர் எடுத்தார்.

1970இல் வந்த அரசு இறக்குமதிகளை இறுக்கிப் பிடித்தபோது தமிழகத்துச் சஞ்சிகைகளுக்கும் தட்டுப்பாடு வந்தது. உள்ளூர் எழுத்துக்கும் படத்துக்கும் பாட்டுக்கும் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்தது. அந்த இடைவெளியில் இரண்டு செடிகள் பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தன. ஒன்று வானொலி மெல்லிசை. மஹாகவியும் நீலாவணனும் சில்லையூர் செல்வராசனும் எழுதிய வரிகள் ஆர். முத்துசாமி, எம். கே. ரொக்சாமி, கண்ணன் போன்றவர்களின் காலத்தில் அதற்குக் கிடைத்தன. கவிஞர்கள் கைகொடுத்ததால் மெல்லிசைக்கு இலக்கிய வட்டத்தில் மரியாதை வந்தது. மற்றது பொப். அதற்கு எழுதியவர்கள் பெரும்பாலும் பாடியவர்களே. கவிதைத் தொகுப்பு இல்லாதவன் எழுதிய பாட்டை எந்தக் கணக்கில் வைப்பது என்று தெரியாமல் இலக்கிய வட்டம் அதைக் கடந்து போய்விட்டது.

பொப் பாட்டை ஒதுக்கியவர்கள் வழக்கமாகச் சொன்ன காரணங்கள் மூன்று. பிறத்தியார் தாளம், கொச்சைப் பேச்சு, வெறும் களியாட்டம். மூன்றையும் எடுத்து உரைத்துப் பார்க்கலாம்.

தாளத்தில் தொடங்குவோம். பைலா பறங்கி கொண்டுவந்ததுதான். யாழ்ப்பாண வீட்டில் விருந்தாளி இருக்கும் கதிரையும் பறங்கி கொண்டுவந்த சொல். மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி எல்லாம் அதே கப்பலில் வந்தவை. ஒல்லாந்தரின் பங்கு கந்தோர். 1619இல் போர்த்துக்கேயர் இராச்சியத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள். இருவரும் போனார்கள், சொல் தங்கியது. குசினி என்று சொல்லும் எந்த ஆச்சியையும் தமிழ் தெரியாதவள் என்று யாரும் சொல்வதில்லை. கர்நாடக சங்கீதத்தின் வயலினும் ஐரோப்பியக் கருவிதான். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்தார். ஹார்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940இல் தடை செய்து 1971 வரை வாசலில் நிறுத்தி வைத்தது. அந்த முப்பது வருடமும் யாழ்ப்பாணத்து இசை நாடக மேடை ஹார்மோனியம் இல்லாமல் ஓர் இரவும் விடியவில்லை.

பைலா ஆறு எண்ணிக்கையில் உருளும் தாளம். காவடிச் சிந்தின் திஸ்ர நடைக்கும் அதற்கும் நெருங்கிய உறவு. கோயில் வீதியில் காவடி எடுத்து ஆடிப் பழகிய கால், கிற்றாரில் அதே எண்ணிக்கை வந்தபோது யாரையும் கேட்காமல் தானாக எழுந்தது. மனோகரன் ‘மால் மருகா’ என்று முருகனைப் பொப்பில் பாடியபோது பக்தர்கள் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டதற்கும் இந்த உறவு ஒரு காரணமாக இருக்க வேண்டும். இசைப் பட்டம் படிக்கும் ஒரு மாணவி இரண்டு தாளங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்து ஆராயத் தக்க விஷயம் இது.

அடுத்தது பேச்சு. 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கியத்தில் மரபுப் போராட்டம் என்று ஒரு பெரும் சண்டை நடந்தது. கதையில் ஊர்ப்பேச்சை எழுதலாமா, அது இழிசனர் வழக்கு அல்லவா என்று பண்டிதர் அணி கேட்டது. விமர்சகர்கள் கைலாசபதியும் சிவத்தம்பியும் நின்ற முற்போக்கு அணி மண்வாசனைக்காக வாதாடி வென்றது. அந்த வெற்றியால்தான் யாழ்ப்பாணத்துத் தொழிலாளியும் மீனவனும் கதைகளில் தங்கள் வாயாலேயே பேசினார்கள். சில வருடத்துக்குள் ‘பொடியள்’ என்றும் ‘பெட்டை’ என்றும் பொப் பாட்டு அதே ஊர்ப்பேச்சை ஒலிவாங்கிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது. தமிழ்நாட்டுத் திரைப்பாட்டின் தமிழையே பாட்டுத் தமிழ் என்று நினைத்திருந்த காதுக்கு, தன் ஒழுங்கைப் பேச்சே பாட்டாகலாம் என்று அது காட்டியது. சிறுகதையில் மண்வாசனையைக் கண்டு மகிழ்ந்த மூக்கு, பாட்டில் வந்த அதே வாசனையைப் பிடிக்கவில்லை. இத்தனைக்கும் சிவத்தம்பி தமிழ் சினிமாவை அரசியல் தொடர்பு ஊடகமாகப் பார்த்து 1981இல் நூலே எழுதியவர். சனங்களின் கலையை ஆராயும் கருவி இந்த மண்ணிலேயே இருந்தது. அந்தக் கருவி பொப் பக்கம் போதிய அளவு திரும்பவில்லை.

மூன்றாவது குற்றச்சாட்டு களியாட்டம். சந்தோசத்துக்காகப் பாடுவதை இலேசாக எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு இலங்கை வானொலியே சாட்சி. 1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாட்டு இரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டு அருகிப்போனது. நேயர்கள் இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அதே ஆண்டு தொடங்கிய பினாக்கா கீத்மாலா நிகழ்ச்சியால் அமீன் சயானியின் குரல் கொழும்பு அலைவரிசையில் இந்தியா முழுக்கப் போனது. தமிழகத்துக் கிராமங்கள் கொழும்பின் தமிழ் ஒலிபரப்புக்குக் காத்திருந்தன. 1957இல் விவித பாரதியைத் தொடங்கி டெல்லி இறங்கி வர வேண்டியதாயிற்று. அடுத்த நாட்டு அமைச்சரின் அந்தத் தவறால் புகழ் பெற்ற வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள், தங்கள் ஊர்ப் பாட்டை அதே கண்ணால் பார்த்திருக்க வேண்டியதில்லை.

சிங்களவர் மத்தியிலும் இந்த மேட்டிமை இருந்தது. அங்கே அது சண்டையாக வெடித்தது என்பதே வேறுபாடு. 1952இல் வட இந்திய இசைப் பேராசிரியர் ரத்தன்ஜன்கர் வந்து பாடகர்களைத் தரம் பிரிக்கத் தேர்வு நடத்தியபோது, சிங்களப் பாடகர் சுனில் சாந்த அதற்கு இருக்க மறுத்து வானொலியை விட்டே வெளியேறினார். அந்த மறுப்பு இன்றும் சிங்கள இசை வரலாற்றில் ஓர் அத்தியாயம். கிளாரன்ஸ் 1996இல் இறந்தார். அவருடைய பாட்டு இலேசானதா ஆழமானதா என்ற வாதம் அவரோடு போகவில்லை.

ஜனரஞ்சகம் என்பதாலேயே ஒரு பாட்டு உயர்ந்ததாகிவிடாது. பொப் பாட்டுக்காக வாதாடுபவர்கள் இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஐம்பது வருடம் பாடப்படுகிறது என்பது கேட்டுப் பார்க்க ஒரு காரணம். பாட்டைக் கேட்ட பிறகே தீர்ப்பை எழுத வேண்டும்.

‘சின்ன மாமியே’யையே எடுத்துக்கொள்ளலாம். மருமகன் மாமியிடம் மகள் எங்கே என்று கேட்கிறான். படிக்கப் போயிருக்கிறாள் என்கிறாள் மாமி. மச்சாள் மீது மச்சானுக்கு முறை உண்டு என்ற உறவு வழக்கத்தின் மீது பாட்டு நிற்கிறது. அந்த முறையை நம்பி வந்தவன், படிக்கப் போகும் பெண்ணை ஊர்ப் பொடியள் பார்க்கிறார்களே என்று பதறுகிறான். தாய் பதறவில்லை. பெண்பிள்ளைகள் மேற்படிப்புக்கு வீட்டை விட்டு வெளியே போகத் தொடங்கிய யாழ்ப்பாணத்தின் பதற்றமும் பெருமையும் ஒரு சம்பாசணையில் அடங்கிவிட்டன. ஒருவர் கேட்க மற்றவர் பதில் சொல்லும் அமைப்பு கூத்திலும் நாட்டார் பாட்டிலும் பழகியது. கிற்றார் புதிது, கட்டுமானம் பழையது. அதனால்தான் முதல் தடவை கேட்டவனுக்கும் ஏற்கெனவே தெரிந்த பாட்டுப்போல இருந்தது.

அதே பாட்டில் குறையும் உண்டு. இரண்டு பேர் ஒரு பெண்ணைப் பற்றி முழுப் பாட்டும் பேசுகிறார்கள். அவள் வாய் திறப்பதில்லை. புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போனவளுக்கு என்ன நினைப்பு என்று பாட்டுக்கு அக்கறை இல்லை. அந்தக் காலத்துப் பொப் பாட்டுகள் பலவற்றில் பெண் கேலிக்கும் கண்காணிப்புக்கும் உரிய ஆளாகவே வருகிறாள், பாடகிகளின் எண்ணிக்கையும் மிகக் குறைவு. இதைச் சொல்லிக் கண்டித்து எழுதினால் பாட்டுக்கு அவமானம் இல்லை. கண்டிக்கும் அளவுக்கு அதில் பொருள் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

‘கள்ளுக்கடைப் பக்கம் போகாதே’ வேறு மாதிரி. குடித்துக் கெடாதே என்ற புத்திமதியைத் தமிழில் நூறு பாட்டுகள் நீட்டிய விரலோடு சொல்லியிருக்கின்றன. இந்தப் பாட்டோ குடிப்பவனும் சேர்ந்து பாடும் மெட்டில் அதைச் சொன்னது. தவறணைக்குள் இருந்தபடியே தவறணைக்குப் போகாதே என்று பாடிய ஆட்களைக் கண்ட ஊர் இது. மெட்டும் சொல்லும் எதிரெதிராக இழுக்கும் இந்த உத்தியை எந்தப் பெரிய பாட்டுக்காரனிடம் கண்டாலும் விமர்சகர் நின்று எழுதுவார்.

‘சுராங்கனி’ சிங்களமும் தமிழும் கலந்து மீன் விற்கும் வாயால் பாடப்பட்ட பாட்டு. மனோகரனின் குரலில் கடல் கடந்தது. 1977இல் இளையராஜா இசையில் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக மலேசியா வாசுதேவன் பாடினார். தமிழகத்துக் கல்லூரிச் சுற்றுலாப் பேருந்துகளில் பொருள் தெரியாத சிங்களச் சொற்களை மாணவர்கள் தொண்டை கிழியப் பாடினார்கள். இரண்டு இனங்களும் ஒன்றை ஒன்று சந்தேகத்தோடு பார்க்கத் தொடங்கிவிட்ட 1970களில், இரண்டு மொழியும் ஒரே அடிக்குள் இருந்த பாட்டு ஊர் ஊராகச் சுற்றியது என்பது சமூக வரலாறு எழுதுபவரின் மேசைக்கு வர வேண்டிய தகவல்.

பிறகு 1983இன் இனக்கலவரம். இருமொழிக் களிப்புக்கு இருந்த நிலம் எரிந்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1981 மே முடிந்து யூன் பிறந்த இரவுகளில், யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்திருந்தன. நூலகத்தில் போன நூல்கள் ஏறத்தாழ 97,000. 1959 முதல் வந்த ஈழநாட்டின் பக்கங்களில்தான் எந்தக் கோயில் திருவிழாவில் எந்தக் கோஷ்டி பாடியது என்ற விளம்பரங்கள் இருந்தன. பாடகர்கள் சிதறினார்கள். மனோகரன் சென்னைக்குப் போனார், நித்தி மெல்பேணில் குடியேறினார், பரமேஸ் ஜேர்மனிக்குப் போனார். ஊரில் மிஞ்சிய வாத்தியக்காரர்கள் போர்க்காலத்துப் பாட்டுகளுக்கு வாசித்தார்கள். மின்சாரம் இல்லாத வருடங்களில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட ஊருக்கு, கள்ளுக்கடைப் பாட்டின் வரலாறு எழுத நேரமில்லை. அதை யாரும் குறை சொல்ல முடியாது.

போர் முடிந்து பத்துப் பதினைந்து வருடங்கள் கடந்த பிறகும் அந்தக் காரணத்தையே சொல்லிக்கொண்டிருப்பது சரியல்ல. 2018 சனவரி 22ஆம் திகதி மனோகரன் சென்னையில் காலமானார். தமிழக ஊடகங்கள் அவரைச் சிலோன் மனோகர் என்று, திரைப்பட வில்லனாகவும் ஒரு பாட்டின் சொந்தக்காரராகவும் நினைவுகூர்ந்தன. செங்கை ஆழியானின் நாவலிலிருந்து எடுக்கப்பட்டு 1978இல் வந்த ‘வாடைக்காற்று’ படத்தில் அவர் கடற்கரை மண்ணில் நின்று நடித்ததையும், ஈழத்து மேடைக்குப் புது உடல்மொழி ஒன்றைத் தந்ததையும் முழுநீளமாகச் சொல்ல வேண்டிய கடமை அவர் எழுந்த மண்ணுக்கே இருந்தது. சில அஞ்சலிக் குறிப்புகளோடு அது கழிந்தது.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. வட இலங்கைச் சங்கீத சபை 1931இலிருந்து கர்நாடக இசைக்குப் பரீட்சை வைத்து ஓர் ஒழுங்கைக் கட்டியெழுப்பியது. மருதனார்மடத்து இராமநாதன் நுண்கலைக் கழகம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பகுதியாகி, இசைக்கும் நடனத்துக்கும் பட்டம் கொடுக்கிறது. அந்த ஒழுங்குக்குள் துள்ளிசையைப் பரீட்சைப் பாடமாக்கத் தேவையில்லை. பொப் பாட்டு பரீட்சைக்குப் பாடப்படுவதைப் பாடியவர்களே விரும்பமாட்டார்கள். ஆய்வேட்டுத் தலைப்பாக அதை எடுக்கும் மாணவரை ஊக்கப்படுத்தினால் போதும். ஸ்வரம் எழுதத் தெரிந்தவர்கள் இந்த மெட்டுகளை எழுதி வைக்கலாம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் ஒலிநாடாக்களில் மெல்லிசையும் பொப்பும் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று பட்டியலிட ஒரு குழு போகலாம். 2005இலிருந்து ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவாக்கிவரும் நூலகம் நிறுவனம் அச்சில் என்ன செய்யலாம் என்று காட்டிவிட்டது. பழைய இசைத்தட்டு, கசெற், மேடை விளம்பரம், கோஷ்டிகளின் புகைப்படம் எல்லாம் இன்னும் பல வீட்டு அலுமாரிகளில் கிடக்கின்றன. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் ஒவ்வொரு குடும்பமும் வீட்டைத் துப்புரவாக்கும்போது அவற்றில் கொஞ்சம் குப்பைக்குப் போகிறது.

பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. புதுப் பாட்டொன்று வந்தால் பாராட்டு விழாச் செய்தி போடும் வழக்கம் இங்கே இருக்கிறது. மெட்டு எங்கிருந்து வந்தது, சொல் புதிதா, குரல் பொருந்துகிறதா என்று கேட்டு, பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்றே எழுதும் பத்தி ஒன்று வாராவாரம் வந்தால், இன்று யாழ்ப்பாணத்தில் கணினியில் இசை கட்டிச் சொல்லிசை பாடும் இளையவர்களுக்கும் அது உதவும். அவர்களில் பலர் நித்தியின் பேச்சுமொழிக்கும் மனோகரனின் மேடைக்கும் வாரிசுகள். தங்களுக்கு முன்னால் ஒரு வரிசை இருக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும்.

முதல் வேலையாக, அந்தத் தலைமுறையின் நினைவுகளைப் பாடியவர்களின் வாயாலும் வாசித்தவர்களின் வாயாலும் கேட்டுப் பதிய வேண்டும். கிற்றாரை முதலில் எங்கே தொட்டார்கள், ஒலிப்பதிவு அறையில் எத்தனை பேர் நின்றார்கள், மேடையில் எந்தப் பாட்டுக்குக் கல் விழுந்தது, எதற்கு ‘இன்னொருக்கா’ என்று கத்தினார்கள் என்ற கேள்விகளுக்கு விடை சொல்லத் தெரிந்தவர்கள் எழுபது எண்பது வயதில் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களோடு யாழ்ப்பாணத்திலிருந்து இணையவழி பேச இப்போது பெரிய செலவில்லை. அடுத்த மார்ச்சில் பப்பரே ஒலிக்கும் முன்பே அந்த உரையாடல்களில் முதலாவதைப் பதிந்து முடிக்கலாம்.